பல கரைகள், ஒரே கணக்கு
கடலாமை ஆராய்ச்சியில் தொண்டு நிறுவனங்கள் கூடி வேலை செய்யும் விதம்

விருத்தாசலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நமது வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் முந்திரியும் விளைகின்றன. நகரில் பீங்கான் சூளைகள் இருக்கின்றன. கடற்கரை என்பது பஸ் ஏறிச் சென்று பார்த்துத் திரும்பும் இடமாகவே நம்மில் பலருக்கு இருந்துவருகிறது. ஆயினும், பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே வங்காள விரிகுடாவில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறு பெருகி வரும்போது, நமது வயல்களின் மண்ணும் மருந்தும், தெருக்களின் பிளாஸ்டிக் பைகளும் போய்ச் சேரும் இடம் அந்த முகத்துவாரமே ஆகும். எனவே கடலில் வாழும் உயிர்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை, கரையில் இல்லாத நாமும் தெரிந்துகொள்வது பொருத்தம்.

கடல் ஆராய்ச்சி என்றவுடன் பெரிய கப்பல்களும் சர்வகலாசாலைகளும் நினைவுக்கு வருகின்றன. அவை இருக்கின்றன. நமக்கு மிக அருகிலேயே, பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் பல்லாண்டுகளாக இயங்கிவருகிறது. ஆனால் கடலோர உயிர்களைப் பற்றி நம் நாட்டில் இன்று தெரிந்திருக்கும் விவரங்களில் பெரும் பகுதியை, லாப நோக்கம் இல்லாத சிறு சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் இரவு பகலாகத் திரட்டியிருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாத செய்தியாகும். இச்சங்கங்கள் தனித்தனியே செய்த வேலை எவ்வாறு ஒரே ஆராய்ச்சியாக இணைந்தது, இணைவதில் என்ன சங்கடங்கள் நேர்ந்தன என்பதையே இங்கு விளக்க முற்படுகிறேன். எடுத்துக்காட்டாகக் கடலாமையைக் கொள்வோம். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

பங்குனி ஆமை

நமது கிழக்குக் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைகளில் மிகுதியானது பங்குனி ஆமை. விஞ்ஞானிகள் இதனை ஆலிவ் ரிட்லி என்று அழைக்கின்றனர். தமிழ்நாட்டுக் கரையில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, இரவு வேளையில், பெண் ஆமை தனியாகக் கரையேறுகிறது. அலை எட்டாத மணலில், பின்துடுப்புகளால் ஒரு குழி தோண்டுகிறது. அந்தக் குழியைப் பார்த்தவர்கள் நமது குயவர் வனையும் குடத்தை நினைக்காமல் இருக்கமாட்டார்கள். கழுத்து குறுகி, வயிறு அகன்று, அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் அமைந்திருக்கும். அதில் நூறு, நூற்றிருபது என்ற அளவில் முட்டைகளை இட்டு, மணலால் மூடி, உடலால் அழுத்திச் சமன்செய்துவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குள் போய்விடுகிறது. முட்டைகள் 45 முதல் 60 நாட்களுக்குள் வெயிலின் சூட்டிலேயே பொரிகின்றன.

குஞ்சு கடலில் இறங்கிய பிறகு அது எங்கே போகிறது, எங்கே வளர்கிறது என்பதை எவரும் தொடர்ந்து பார்க்க முடிவதில்லை. ஆண் ஆமை மீண்டும் கரைக்கே வருவதில்லை. பெண் ஆமை பருவமடைந்து முட்டையிட வரும் ஒரு மணி நேரமே மனிதன் அதைப் பார்ப்பதற்குக் கிடைக்கும் நேரம். அந்த ஒரு மணி நேரமும் எந்த ஊர்க் கரையில், எந்த இரவில் வாய்க்கும் என்பது நிச்சயமில்லை. தமிழ்நாட்டின் கடற்கரை மட்டுமே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. ஒரு சங்கம் தன் ஆட்களைக் கொண்டு ஓர் இரவில் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கலாம். இந்த விகிதத்தைப் பார்த்தாலே கூட்டு வேலை ஏன் தவிர்க்க முடியாதது என்பது விளங்கும்.

முதலில் நடந்தவர்கள்

சென்னையில் ஆமைக்காக இரவில் நடக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலரால் ஆரம்பிக்கப்பட்டது. அப்பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரும் அவரோடு இருந்த இளைஞர்களும் கடற்கரையில் நடந்து, முட்டைகள் திருடு போகாமல் எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்தனர். அவர்களுள் சதீஷ் பாஸ்கர் என்பவரைத் தனியே குறிப்பிட வேண்டும். ஆமைகள் எங்கெங்கு கரையேறுகின்றன என்பதை அறிய இந்தியக் கடற்கரைகளிலும் லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார்த் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கால்நடையாகவே சென்று கணக்கெடுத்தவர் இவர். 1982ஆம் ஆண்டு, மழைக்காலம் முழுவதும், லட்சத்தீவில் மனித வாசமற்ற சுஹேலித் தீவில் தன்னந்தனியே தங்கி ஆமைகளைக் கவனித்தார். அந்தப் பருவத்தில் அங்கே படகு வராது. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது மிதந்து சென்று இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார்! சதீஷ் பாஸ்கர் 2023இல் காலமானார். அவர் எழுதி வைத்த குறிப்புகள், இன்றைய நிலையை அன்றைய நிலையோடு ஒப்பிடுவதற்கு இன்னமும் அடிப்படையாக இருந்துவருகின்றன.

1988இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் ஒவ்வொரு பருவத்திலும் இரவுதோறும் நடப்பது இவர்களது வேலை. படித்து முடித்தவர் விலக, புதியவர் வந்து சேர, அந்த நடை இன்றும் நிற்கவில்லை. 2002இல் தொடங்கப்பட்ட ட்ரீ பவுண்டேஷன் என்னும் நிறுவனம் வேறொரு முறையைக் கையாண்டது. மீனவக் குப்பங்களைச் சேர்ந்த இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாகப் பயிற்றுவித்து, தத்தம் ஊர்க் கரையை அவர்களிடமே ஒப்படைத்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இடம்பெற்றிருப்பதால், இவர்கள் யாவரும் வனத்துறையின் அனுமதி பெற்றே முட்டையைத் தொடுகின்றனர். வனத்துறையும் தன் பொறுப்பில் பல இடங்களில் பொரிப்பகங்களை நடத்திவருகிறது. நமது கடலூர் மாவட்டக் கரையிலும் ஆமைகள் வருகின்றன.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

இவ்வளவு பேர் நடக்கிறார்களே, கணக்கைக் கூட்டிப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. கூட்டு ஆராய்ச்சியின் முழுச் சங்கடமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு சங்கம் சென்ற ஆண்டு 60 கூடுகளைக் கண்டது, இந்த ஆண்டு 120 கூடுகளைக் கண்டது என்று வைத்துக்கொள்வோம். ஆமைகள் இரட்டிப்பாகிவிட்டன என்று மகிழலாமா? சென்ற ஆண்டு நான்கு பேர் மூன்று கிலோமீட்டர் நடந்து, இந்த ஆண்டு பத்துப் பேர் ஆறு கிலோமீட்டர் நடந்திருந்தால், பெருகியவை ஆமைகள் அல்ல, கால்கள். எத்தனை கூடு என்பதோடு எத்தனை இரவு, எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. ஒரு கூடும் கிடைக்காத இரவையும் புத்தகத்தில் எழுத வேண்டும். விடிய விடிய நடந்து ஒன்றும் காணாமல் திரும்பியவனுக்கு, "இன்று இல்லை" என்று எழுத மனம் வராது. அது வீண் வேலையாகத் தோன்றும். மழைமானி வைத்திருக்கும் இடங்களில் மழை பெய்யாத நாளுக்கும் பூஜ்யம் என்று எழுதுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூஜ்யம் எழுதப்படாவிட்டால், மழை பெய்யவில்லையா அல்லது அளப்பவர் ஊரில் இல்லையா என்பது பிறகு எவருக்கும் தெரியாது. ஆமைக் கணக்கிலும் அப்படியே.

இறந்து ஒதுங்கும் ஆமைகளின் கணக்கில் வேறு தொல்லை. ஒரே உடலை அதிகாலையில் ஒரு சங்கத்தார் எண்ணுவர். அலை அதை நகர்த்தியபின் மாலையில் அடுத்த சங்கத்தார் எண்ணுவர். இதனால்தான் எண்ணியவுடன் ஓட்டின் மேல் வர்ணம் பூசி அடையாளமிடும் வழக்கம் ஏற்பட்டது. சாதாரண ஏற்பாடுதான். ஆனால் எல்லாச் சங்கங்களும் பூச வேண்டும், பூசியதை மற்றவர் மதிக்க வேண்டும். ஒருவர் செய்து ஒருவர் செய்யாவிட்டால் இரண்டு கணக்கும் கெடும்.

விவசாயிகளுக்கு இது புதிய விஷயம் அல்ல. விருத்தாசலத்தில் உள்ள மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. என்ற பெயரோடு வெளிவந்த முந்திரி ரகங்களையும் நிலக்கடலை ரகங்களையும் நாம் பயிரிட்டிருக்கிறோம். ஒரு ரகத்தை வெளியிடுமுன் அதைப் பல ஊர்களில், பல வயல்களில், ஒரே இடைவெளியில் விதைத்து, ஒரே முறையில் எடை போட்டுப் பார்க்கின்றனர். ஒரு வயலில் பாத்திக்கு நூறு செடியும் மற்றொன்றில் எழுபதும் வைத்திருந்தால், மகசூலை ஒப்பிட்டு என்ன பயன்? கடலோரச் சங்கங்களும் தங்கள் கரைகளை அந்தச் சோதனை வயல்களைப் போல நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு வழிகாட்டியவை சில கையேடுகள். இந்திய அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நடத்திய கடலாமைத் திட்டத்தை டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் ஒருங்கிணைத்தது. அத்திட்டத்தின் பயனாக, ஆமைகளை எவ்வாறு கணக்கெடுப்பது, கரையையும் பொரிப்பகத்தையும் எவ்வாறு பராமரிப்பது என்பவற்றை விளக்கும் நூல்கள் 2003இல் வெளிவந்தன. அவற்றைப் பதிப்பித்தது மாமல்லபுரம் அருகே உள்ள சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை, அதாவது ஒரு தொண்டு நிறுவனம். அரசாங்கத்தின் திட்டம், விஞ்ஞானிகளின் எழுத்து, தொண்டு நிறுவனத்தின் பதிப்பு, நடப்பவர்கள் சங்கத்தார் என்ற இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

துடுப்பில் ஓர் எண்

வெவ்வேறு கரையில் உள்ளவர்கள் கூடி வேலை செய்வதற்கு மற்றொரு சாதனம், ஆமையின் முன்துடுப்பில் பொருத்தும் சிறு உலோகத் தகடு. அதில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஆர்ச்சி கார். மத்திய அமெரிக்காவில் கோஸ்டரிகா நாட்டின் டோர்டுகுவேரோக் கரையில் 1950களின் மத்தியில் அவர் பேராமைகளுக்குத் தகடு பூட்டத் தொடங்கினார். தகட்டில் எண்ணோடு முகவரியும் இருக்கும். திருப்பி அனுப்புவோருக்குச் சிறு வெகுமதி உண்டு. கடல் கடந்த ஊர்களின் மீனவர்கள், ஆமையைப் பிடித்தபோது தகட்டை அனுப்பி வைத்தனர். கடிதங்கள் வர வர, ஆமைகள் சென்ற வழி படத்தில் தெளிவாயிற்று. அந்த வேலைக்குத் துணையாக 1959இல் எழுந்த சங்கம், கடலாமைக்கென்றே ஏற்பட்ட முதல் தொண்டு நிறுவனங்களுள் ஒன்று. தகட்டைப் பூட்டுகிறவன் ஓரிடம், படிக்கிறவன் வேறிடம். படித்தவன் எழுதாவிட்டால் பூட்டியவன் உழைப்பு முழுதும் கடலோடு போயிற்று.

நம் நாட்டில் பங்குனி ஆமைகள் இலட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறும் இடங்கள் ஒடிசாவில் இருக்கின்றன. கஹிர்மாதாவின் சிறப்பு 1974இல் விஞ்ஞான உலகுக்குத் தெரியவந்தது. ருசிகுல்யா 1994இல் தெரியவந்தது. அங்கு தகடு பூட்டப்பட்ட ஆமைகள் இலங்கைக் கடலிலும் நமது தென்கடற்கரைப் பக்கத்திலும் கிடைத்தன. ஆகையால் அவை நம் கரை ஓரமாகவே போய் வருகின்றன என்பது உறுதிப்பட்டது. பின்னர் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. 2021 மார்ச்சில் கஹிர்மாதாவில் தகடு பூட்டப்பட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் மேற்குக் கடற்கரையில், மகாராஷ்டிரத்தின் குஹாகரில் முட்டையிடுவதைக் கண்டனர். இந்தியாவையே சுற்றி வந்திருந்தால் அது ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். கிழக்குக் கரை ஆமையும் மேற்குக் கரை ஆமையும் தனித்தனிக் கூட்டங்கள் என்று எண்ணியிருந்தவர்கள் மறுபடியும் யோசிக்க வேண்டியதாயிற்று. இரவில் குஹாகர்க் கரையில் விளக்கைப் பிடித்து அந்த எண்ணை ஒருவர் படித்து எழுதினார். அதனால்தான் இது தெரிந்தது.

கூட்டமைப்பு ஏற்பட்டது

2009இல் இந்தியாவின் கடலோர மாநிலங்களில் ஆமைக்காக உழைக்கும் சங்கங்கள் கூடி, டர்ட்டில் ஆக்‌ஷன் குரூப் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. இருபதுக்கு மேற்பட்ட அமைப்புகள் இதில் சேர்ந்தன. தக்ஷிண் பவுண்டேஷன் என்னும் ஆராய்ச்சித் தொண்டு நிறுவனமும் முதலைப் பண்ணை அறக்கட்டளையும் இதற்கு முன்னின்று உதவின. சங்கங்கள் ஆண்டுதோறும் கூடி, தத்தம் கரையின் கணக்கைக் கூறுவதும், ஒருவர் முறையை மற்றவர் பார்ப்பதும் இதன் பயன்.

கூட்டுறவின் பலனுக்கு அந்தமானை எடுத்துக்காட்டாகக் கூறலாம். 2004 சுனாமியால் நிக்கோபார்த் தீவுகளில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கரைகள் பல அழிந்தன. ஏழுவரி ஆமை உலகிலேயே பெரிய ஆமை. அதன் முதுகில் ஓடு இல்லை, தோல்தான். சுனாமிக்குப்பின் அவை என்ன ஆயின என்பதை அறிய, தக்ஷிண் பவுண்டேஷனும், அந்தமானில் இயங்கும் சுற்றுச்சூழல் குழுவும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், வனத்துறையும் சேர்ந்து, 2008 முதல் சின்ன அந்தமான் தீவில் முகாமிட்டுக் கண்காணித்தனர். 2011 முதல் சில ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோளோடு தொடர்புகொள்ளும் கருவியைப் பொருத்தினர். சில ஆமைகள் தென்கிழக்கே ஆஸ்திரேலியாவின் பக்கம் சென்றன. சில தென்மேற்கே இந்துமாக்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவை நோக்கிச் சென்றன. ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி மொசாம்பிக் கரையை அடைந்தது. கருவியும் கணிதமும் தந்தது ஒரு நிறுவனம். தீவில் முகாம் நடத்தும் பழக்கமும் படகும் உடையது மற்றொன்று. அனுமதியும் காவலும் அரசாங்கத்துடையது. ஒன்று விலகியிருந்தாலும் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்திராது.

பொரிப்பகத்தின் சூடு

கணக்கை ஒப்பிடுவதால் கிடைக்கும் நன்மைக்குப் பொரிப்பகம் நல்ல சாட்சி. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது பிறவியிலேயே முடிவாவதில்லை. மணலின் வெப்பம் அதை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரி சென்டிகிரேடு என்பது நடுநிலை. அதற்கு மேல் சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகளும், குறையக் குறைய ஆண் குஞ்சுகளும் மிகுகின்றன. ஒரு பொரிப்பகத்தில் குஞ்சுகள் நூற்றுக்குத் தொண்ணூறு பொரிந்துவிட்டால் அதை நடத்துவோர் வெற்றி என்று கொள்வர். அத்தனையும் பெண்ணாகவே இருந்தால்? குஞ்சைப் பார்த்து அறிய முடியாது. வெவ்வேறு கரைகளில் மணலின் சூட்டை ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டால்தான் எந்தப் பொரிப்பகத்துக்கு நிழல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது புலப்படும்.

விருத்தாசலத்துச் சூளைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சூளைக்குள் வைக்கும் கூம்பு குறித்த சூட்டில் வளைகிறது. யார் சூளையானாலும் ஒரே எண்ணுள்ள கூம்பு ஒரே நிலையைக் காட்டுவதால், ஒருவர் கண்ட பக்குவத்தை மற்றவர் தம் சூளையில் திரும்பச் செய்ய முடிகிறது. கண்ணால் பார்த்துச் சொல்லும் சூட்டை வைத்து அப்படிச் செய்ய இயலாது.

இதையொட்டி சங்கங்களுக்குள் ஒரு வாதமும் உண்டு. முட்டையைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதே சரி என்பார் சிலர். இட்ட இடத்திலேயே காவல் காப்பது மேல் என்பார் மற்றவர். நாய்களும் திருடரும் விளக்குகளும் மிகுந்த சென்னைக் கரையில் எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் அபிப்பிராயம். ஆள் நடமாட்டம் குறைந்த கரையில் அதே செயல் வீண் தலையீடாக முடியலாம்.

ஒற்றுமை எளிதல்ல

சங்கங்கள் கூடியதைக் கூறினேன். பிரிந்ததையும் கூறுவதே முறை. ஒடிசாவில் ஆமைகள் கூடும் கடலுக்கு அருகில் தாம்ராத் துறைமுகம் கட்டப்பட்டபோது, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் துறைமுகத்தாருக்கு ஆலோசனை வழங்க முன்வந்தது. உள்ளிருந்து ஆலோசனை கூறித் தீமையைக் குறைப்போம் என்றனர் ஒரு சாரார். துறைமுகமே கூடாது, ஆலோசனை கூறுவது அதற்கு ஒப்புதல் தருவதாகும் என்றனர் மற்றொரு சாரார். நெடுநாள் நண்பர்களாக இருந்த ஆமை ஆராய்ச்சியாளர்கள் இதில் இரு பக்கமாக நின்றனர். துறைமுகம் கட்டி முடிந்தது. வாதத்தின் தழும்பு நெடுங்காலம் இருந்தது.

அதைவிடக் கடினமானது மீனவர்களோடு உள்ள விவகாரம். ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிட வேண்டும். இழுவை வலையில் சிக்கி நீருக்கடியில் நெடுநேரம் இழுபட்டால் மூச்சடைத்து இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதையடுத்த கரைகளிலும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வலையில் சிக்கிய ஆமை வெளியேற, கம்பிச் சட்டமும் திறப்பும் கொண்ட ஆமை விலக்குக் கருவி உண்டு. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டு வலைக்கேற்ப அதை வடிவமைத்துள்ளது. ஆனால் அந்தத் திறப்பின் வழியே மீனும் இறாலும் போய்விடுகின்றன என்பது விசைப்படகுக்காரர்களின் குறை. டீசல் விலையைக் கணக்குப் பார்த்துக் கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு கூடை இறால் சிறிய விஷயமல்ல. சங்கத்தார் சில சமயம் இதை மறந்து பேசுகின்றனர் என்பதே என் எண்ணம்.

இங்கேயும் வழி காட்டியது ஒரு கூட்டுதான். 2004இல் ஒடிசாவில் மீனவர் சங்கங்களும் ஆமைப் பாதுகாப்புச் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒடிசா கடல்வளப் பாதுகாப்புக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதற்கு முன் இவ்விரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டியே வந்தனர். கரையோரத்தில் இழுவைப் படகுகள் வராமல் தடுத்தால் ஆமைக்கும் நன்மை, நாட்டுப்படகு மீனவனுக்கும் நன்மை என்பது பேசப் பேசத் தெரியவந்தது. தமிழ்நாட்டிலும் 1983ஆம் ஆண்டுக் கடல்மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்குகிறது. அந்த எல்லையை மதித்தாலே பல ஆமைகள் பிழைக்கும். எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை ஆமைகள் ஒதுங்கின என்ற கணக்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் வகையில் இருந்தால், எந்தக் கடற்பகுதியில் எந்த வாரம் படகுகளை நிறுத்தினால் போதும் என்று பேச முடியும். கணக்கில் சந்தேகம் இருந்தால் பருவம் முழுவதும் நிறுத்து என்று ஒருவரும், ஒரு நாளும் நிறுத்தமாட்டோம் என்று மற்றவரும் கூறுவதில்தான் முடியும். சரியான எண்ணில் மீனவன் வயிறும் அடங்கியிருக்கிறது.

ஊராட்சிகளின் பங்கு

மகாராஷ்டிரத்தில் வேளாஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2002இல் சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற சங்கத்தார் அங்கே ஆமைக் கூடுகளைக் கண்டனர். முட்டைகளை எடுத்து விற்பது அதுவரை வழக்கமாயிருந்தது. சங்கத்தார் ஊர்மக்களையே காவலராக்கினர். 2006 முதல், குஞ்சுகள் கடலில் இறங்கும் நாட்களில் ஆமைத் திருவிழா நடைபெறுகிறது. பார்க்க வருபவர்கள் ஊரார் வீடுகளில் தங்கி, உணவுக்கும் தங்கலுக்கும் பணம் தருகின்றனர். கோழிக்கோடு மாவட்டம் கொளாவிப்பாலத்தில் 1992இல் மீனவ இளைஞர்கள் தொடங்கிய தீரம் சங்கத்தின் அனுபவம் வேறு. காவல் நன்றாகவே நடந்தது. ஆனால் அருகிலுள்ள ஆற்று முகத்தில் மணல் அள்ளியதால் கரை அரித்து, ஆமை ஏற இடமே குறைந்துவிட்டது. ஆற்றில் நடப்பது கடலில் தெரிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேட வேண்டாம்.

நம்மைப் போன்ற உள்நாட்டு ஊராட்சிகளுக்குச் சட்டமே ஓர் இடம் கொடுத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். பல ஊர்களில் இப்பதிவேடு ஒரு தடவை எழுதிப் பீரோவில் வைக்கப்பட்ட புத்தகமாக இருக்கிறது. மணிமுத்தாற்றையும் வெள்ளாற்றையும் ஒட்டிய ஊராட்சிகள், ஆற்றில் இன்ன இடம், இன்ன மாதம், எந்த மீன் கிடைத்தது, நீர் எந்நிறம், கரையில் எத்தனை சாக்குப் பிளாஸ்டிக் ஒதுங்கியது என்று ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எழுதிவந்தால், முகத்துவாரத்தில் ஆராய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. அங்கே அவர்கள் காண்பது விளைவு. காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது. ஏழெட்டு ஊராட்சிகளாவது சேர்ந்து செய்தால்தான் பயன். ஓர் ஊர் படியிலும் அடுத்த ஊர் கூடையிலும் அளந்தால் மேலே கூறிய சங்கடமே திரும்ப வரும்.

பதிவேட்டில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தேதி, இடம், பார்த்தவர் பெயர், பார்த்த நேரம், கண்டது ஆகிய ஐந்தும் ஆரம்பத்துக்குப் போதுமானவை. ஒன்றும் காணாத நாளில் "இல்லை" என்று எழுதுவதற்கும் அதே கட்டத்தில் இடம் இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் ஒருவரும், ஆற்றங்கரையில் வயல் வைத்திருக்கும் இருவரும் பொறுப்பேற்றால் ஓர் ஊராட்சிக்குப் போதும். மாதத்துக்கு இரண்டு நாள் போனால் சரி. வெள்ளம் வடியும் மார்கழியில் தொடங்குவது வசதியாக இருக்கும்; பங்குனி ஆமைகள் கரைக்கு வரும் பருவமும் அதையடுத்தே ஆரம்பமாகிறது.